யாரும் கட்டாயப்படுத்தவில்லை

கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறீங்களாம்மா? பையை எடுக்க வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும், எனக்கு இந்த ஓரம் போதும். ஜன்னலை மட்டும் பாதி சாத்திடுங்க. கையில ஒரு பேப்பர் வச்சிருக்கேன், பறந்துச்சுன்னா என் பொழப்பே போச்சு. பேச்சுக்குச் சொல்லலைம்மா, நிஜமாவே போச்சு.

நீங்க டவுன் வரைக்கும்தானே? பாதியில இறங்கிட மாட்டீங்கல்ல? நல்லது. யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சுடும் போல இருக்கு. ஆபீஸ்ல என்னைக் கண்டாலே எல்லாரும் போனை எடுத்துக் காதுல வச்சுக்கறாங்க. மணியே அடிச்சிருக்காது, அலோ அலோங்கறாங்க.

என் பேரு மங்கையர்க்கரசி. தாலுகா ஆபீஸ்ல உதவியாளரா இருக்கேன். செத்துப்போனவங்க வீட்டுக்காரங்க வாரிசுச் சான்று கேட்டு வருவாங்க இல்லையா, அந்த செக்‌ஷன். சர்வீஸ்ல சேர்ந்த நாள்லேர்ந்து ஒருத்தர் காசுல ஒரு டீ குடிச்சதில்லை நான். வேணும்னா யாரை வேணா கேட்டுப் பாருங்க. கை நீட்டாதவன்னு பேரு. அதுக்காகவே என்னை ஊர் ஊரா மாத்தினாங்க. கூட வேலை பார்க்கறவங்களுக்கு நான் ஒரு தொந்தரவு. அவங்க வாங்கும்போது நான் பக்கத்துல உக்காந்திருந்தா அவங்களுக்குக் கூசுது. அப்படிப்பட்ட எனக்கு, இந்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகப் போற எனக்கு, பதினேழு பி குடுத்திருக்காங்கம்மா.

உங்களுக்கு அது என்னன்னு தெரியாது இல்ல? பெரிய குற்றச்சாட்டுக்குக் குடுக்கற மெமோ. அது வந்துட்டா ரிட்டயர் ஆகவும் முடியாது, பென்ஷனும் வராது, தலைக்கு மேல தொங்கிக்கிட்டே இருக்கும். நாளைக்குக் காலையில விசாரணை. ஒரு டெபுடி கலெக்டர் வராரு. பென்ஷன் போனாக்கூட எங்கேயாவது கணக்கு எழுதிப் பிழைச்சுக்குவேன். ஆனா அந்த மெமோவுல ஒரு வார்த்தை போட்டிருக்காங்க. மனுதாரர்களிடமிருந்து ஆதாயம் பெற்றதாகன்னு. ஆதாயமா! நானா! அதைப் படிச்சதிலேர்ந்து சோறு இறங்கலை.

என்ன பண்ணினேன்னு கேளுங்க. தர்மம் பண்ணினேன். அதுதான் நான் பண்ணின குத்தம்.

எங்க ஊருக்கு வெளியில ஒரு இல்லம் இருக்கு. மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளைங்க, பெத்தவங்களே பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போன பிள்ளைங்க. சகாயமேரின்னு ஒரு டீச்சர், வேலையை விட்டுட்டு அந்தப் பிள்ளைங்களை வச்சுப் பார்த்துக்கறாங்க. என் வீட்டுக்காரர் திதிக்கு ஒரு வேளை சாப்பாடு போடலாம்னு போனேன். ஒரு பொண்ணு, பெரிய பொண்ணுதான், என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. எனக்குப் பிள்ளை இல்லை. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன்.

அந்த டீச்சர்தான் ஒரு பெட்டி குடுத்தாங்க. கண்ணாடி மாதிரி உள்ள தெரியற பிளாஸ்டிக் பெட்டி, முன்னாடி பிள்ளைங்க படம், மேல காசு போட ஒரு கீறல். சாவி டீச்சர்கிட்ட. நான் தொட்டதே இல்லை. அதைக் கொண்டுவந்து என் மேஜை மேல, தபால் தட்டுக்குப் பக்கத்துல வச்சேன். அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒருத்தர்கிட்டயும் போடுங்கன்னு நான் கேட்டதில்லை.

ஜனங்க மனசு இருக்கே, அது தங்கம்மா. நாமதான் ஊரு கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறோம். செத்த வீட்டுக்காரங்க, கண்ணீர் காயாம வரவங்க, பெட்டியைப் பார்த்ததும் போடுவாங்க. அதுவும் எப்படி? நோட்டை மடிச்சு ஒளிச்சுப் போட மாட்டாங்க. எனக்கு நல்லாத் தெரியற மாதிரி விரிச்சுப் பிடிச்சு, என் முகத்தை ஒரு தடவை பார்த்துட்டு, அப்புறம்தான் உள்ள தள்ளுவாங்க. தள்ளிட்டு, "போட்டுட்டேன் மேடம்"னு சொல்லுவாங்க. சில பேரு எவ்வளவு போடணும்னு கேப்பாங்க. உங்க இஷ்டம்னு சொல்லிடுவேன். நாம ஒரு தொகை சொல்லக் கூடாது பாருங்க, தர்மத்துக்கு அளவு சொன்னா அது தர்மம் இல்லை. வாசல்ல மனு எழுதிக் குடுக்கற பெரியவர் ஒருத்தர் இருக்காரு, அவரே எல்லார்கிட்டயும் சொல்லி அனுப்புவாரு, உள்ள மேடம் டேபிள்ல பெட்டி இருக்கு, மறக்காமப் போட்டுடுங்கன்னு. அவருக்கு என்ன தலையெழுத்து? பிள்ளைங்க மேல அவ்வளவு பாசம்.

இல்லத்துக்கு நான் பெட்டியை எடுத்துட்டுப் போறப்போ எல்லாம் சகாயமேரி டீச்சர் அசந்து போவாங்க. ஊரெல்லாம் கடைகள்ல இதே மாதிரி பெட்டி வச்சிருக்காங்க, மெடிக்கல்ல வச்சிருக்காங்க, பேக்கரியில வச்சிருக்காங்க. அதுல சில்லறைதான் விழும். என் பெட்டியில மட்டும் நோட்டு. எப்படி மேடம்னு கேப்பாங்க. ராசிம்மா, வேற என்னன்னு சொல்லுவேன். பழைய ஓட்டுக் கொட்டகையை இடிச்சு ரெண்டு ரூம் கட்டினாங்க. திறப்பு விழாவுல என்னை மேடையில உக்கார வச்சுப் பொன்னாடை போர்த்தினாங்க. என் வாழ்க்கையில என் பேரை மைக்ல சொன்னது அதுதான் முதல் தடவை. ஆபீஸ்ல அந்தம்மா, இந்தம்மான்னு சொல்லித்தான் பழக்கம்.

எங்க தலைமை உதவியாளர் தங்கபாண்டி. டிராயரை வயித்துக்கு நேரா இழுத்து வச்சுக்கிட்டு வாங்குற ஆளு. அவரே சொல்லுவாரு, "மேடம், நீங்க பெட்டி வச்சதுலேர்ந்து எங்க வரும்படி எல்லாம் அதுக்குள்ள போயிருது"ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு. திருடனே ஒத்துக்கறானே, என்னால ஊர்ப் பணம் நல்ல வழிக்குப் போகுதேன்னு எனக்குப் பெருமையா இருக்கும்.

இல்லை, நான் ஒண்ணு சொல்றேன், மறைக்கலை. பெட்டியில போட்டவங்க பைலை நான் முதல்ல எடுத்துப் பார்ப்பேன்தான். நல்ல மனசுக்காரங்களை எதுக்குக் காக்க வைக்கணும்? போடாதவங்க பைலை நான் நிறுத்தி வச்சேனா? இல்லையே. அது வரிசையில வரும். வரிசை எங்க ஆபீஸ்ல கொஞ்சம் மெதுவாத்தான் போகும். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? ஆள் பத்தலை.

விதி இருக்குங்கறாங்க. அரசு ஊழியர் முன் அனுமதி வாங்காம எந்தக் காரியத்துக்கும் நன்கொடை கேக்கக் கூடாதாம், வசூல்ல சேரக் கூடாதாம், ஆபீசுக்கு வேலையா வரவங்ககிட்ட நிச்சயமாக் கூடாதாம். அதுக்கு ஒரு சுற்றறிக்கை வந்துச்சாம், நான் கையெழுத்துப் போட்டிருக்கேனாம். போட்டிருப்பேன்! சுற்றறிக்கை எப்படி வரும்னு நினைக்கறீங்க? ஒரு பைல்ல கோத்து டேபிள் டேபிளா வரும். பேருக்கு நேரா கையெழுத்தைப் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளுவோம். யாராவது படிச்சுப் பார்த்தா என்னமோ அவருக்கு வேலையே இல்லைன்னு அர்த்தம்.

சரி, கொடி நாளுக்கு வசூல் பண்றோமே, அது என்ன? உண்டியலைக் குடுத்து, இவ்வளவு சேர்க்கணும்னு சொல்லி அனுப்பறாங்களே, அதுல குத்தம் இல்லையா? நான் கேட்டேன், தாசில்தார்கிட்டயே கேட்டேன். அவரு தலையைத் தூக்காமச் சொல்றாரு, "அதுக்கு ஜி.ஓ. இருக்கும்மா. உங்களுக்கு என்ன இருக்கு?" எனக்கு மனசாட்சி இருக்கு சார்னு சொல்லியிருக்கணும். அப்போ தோணலை, படி இறங்கும்போதுதான் தோணிச்சு.

இவ்வளவும் ஒரு பொண்ணால வந்துச்சு. அவளைத் தப்பு சொல்லலை. முனீஸ்வரின்னு பேரு, ஆவாரம்பட்டி, இப்போ நான் பஸ் ஏறினேனே அந்த ஊருதான். சின்னப் பொண்ணு. புருஷன் மூட்டை தூக்கற வேலை. டெம்போ கவுந்து செத்துப் போயிட்டான். வாரிசுச் சான்று இருந்தாத்தான் அவன் பேர்ல இருக்கற எதையும் அவ வாங்க முடியும். வந்தா. அவன் பேரு ஆதார்ல ஒரு மாதிரி, ரேஷன் கார்டுல ஒரு மாதிரி. திருத்திட்டு வான்னு அனுப்பினேன். திரும்ப வந்தா, மாமியார் கையெழுத்து இல்லை. இதெல்லாம் ரூல்ஸ்ம்மா, நான் ரூல்ஸை மீற மாட்டேன். இப்ப எல்லாம் ஆன்லைன்தான்னு பேரு. ஆனா நேர்ல வந்து நின்னாத்தான் எதுவும் நகரும், உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஒரு நாள் வந்தா. பிள்ளையை இடுப்புல வச்சிருந்தா. வெளியில அந்த மனு எழுதற பெரியவர்கிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு நின்னா, ஜன்னல் வழியாப் பார்த்தேன். உள்ள வந்து என் மேஜைக்கு முன்னாடி நின்னு, சுவத்துப் பக்கம் திரும்பி முந்தானை முடிச்சை அவுத்தா. அவளோட தாலிக் குண்டு ஒண்ணு. புருஷன் போனப்புறம் கழட்டி முடிஞ்சு வச்சிருப்பா போல. என் முகத்தைப் பார்த்தா. பெட்டியைப் பார்த்தா. உள்ள போட்டுட்டா. நோட்டுங்க மேல விழுந்ததால சத்தமே வரலை. "காசு இல்லை மேடம், இதை வச்சுக்கங்க"ன்னா.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. தனக்கே இல்லாதவ, யாரோ பெத்த பிள்ளைங்களுக்காகத் தாலித் தங்கத்தைப் போடறாளே! எழுந்து நின்னு அவளைக் கும்பிட்டேன்ம்மா. அவ பயந்துட்டா. ரெண்டு அடி பின்னாடி போயிட்டா. அன்னைக்கே அவ பைலைக் கையில எடுத்துட்டுப் போயி தாசில்தார் முன்னாடி வச்சேன். மாமியார் கையெழுத்து இல்லாட்டிப் பரவாயில்லை சார், நான் பொறுப்புன்னு சொன்னேன். முதல் தடவையா ரூல்ஸை விட்டுக் குடுத்தேன். அந்த மனசுக்காக.

அதை நான் சும்மா மனசுல வச்சுக்கிட்டிருந்திருக்கலாம். இல்லத்து ஆண்டு விழாவுல மைக்கைக் குடுத்துட்டாங்க. பேசிட்டேன். ஆவாரம்பட்டி முனீஸ்வரின்னு பேரைச் சொல்லியே பேசினேன். நல்லது பண்ணினவங்க பேரைச் சொல்லணும் இல்லையா? கூட்டமே கண்ணைத் துடைச்சுக்கிச்சு. யாரோ போன்ல பிடிச்சுப் போட்டுட்டாங்க. அது சுத்திச் சுத்தி முனீஸ்வரியோட அண்ணன் போனுக்குப் போயிருக்கு. அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறவன். நேரா திங்கக்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்துக்குப் போயி, என் தங்கச்சி தாலியை வாங்கிக்கிட்டுத்தான் சர்டிபிகேட் குடுத்தாங்கன்னு மனு குடுத்துட்டான். வீடியோவையும் சேர்த்துக் குடுத்துட்டான். என் வாயால நானே சொன்ன வீடியோ.

நல்லா இருக்கா? டிராயருக்குள்ள வாங்கினவன் ஜம்முனு இருக்கான். ஊரே பார்க்கற கண்ணாடிப் பெட்டியில வாங்கின நான் திருடி.

தங்கபாண்டிதான் யோசனை சொன்னாரு. "மேடம், அந்தப் பொண்ணே இஷ்டப்பட்டுத்தான் போட்டேன், யாரும் கட்டாயப்படுத்தலைன்னு எழுதிக் குடுத்துட்டா கேஸ் நிக்காது. நான் டைப் பண்ணித் தரேன், போயி ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க"ன்னாரு. இந்த மாதிரி விஷயத்துல அவருக்கு அனுபவம் இருக்கு. இன்னைக்குக் காலையில லீவு போட்டுட்டுக் கிளம்பினேன். வேற வழியே இல்லைம்மா. நாளைக்குள்ள இது கையில இல்லாட்டி நான் செத்தேன். அவ கால்ல விழணும்னாலும் விழறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் போனேன்.

ஓட்டு வீடு, ஒத்தை ரூம். பிள்ளையைக் காலை நீட்டிப் போட்டுச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழ வச்சுட்டு எழுந்துட்டா. உக்காருன்னேன், உக்காரலை. தண்ணி கொண்டு வந்தா, பாதி கீழ ஊத்திடுச்சு. அவளைக் கொஞ்சம் தேத்தலாம்னுதான், நல்ல எண்ணத்துலதான் சொன்னேன், "உன் விதவை உதவித்தொகை மனு எங்க ஆபீஸ்லதான் இருக்கு. நேத்துக்கூட என் கண்ணுல பட்டுச்சு. நீ கவலையே படாத"ன்னு. வேற ஒண்ணும் சொல்லலை. பேப்பரை எடுக்கவே இல்லை அப்போ.

அவ முகம் வெளுத்துப் போச்சு.

"எங்கண்ணன் தெரியாமப் பண்ணிட்டான் மேடம். எனக்குத் தெரியாது மேடம். எங்க கையெழுத்துப் போடணும்?"னு அவளே கேக்கறா. நான் இன்னும் விஷயத்தையே சொல்லலை! பேப்பரை எடுத்துக் குடுத்தேன். படிச்சுப் பாரும்மான்னேன். சத்தியமாச் சொன்னேன், படிச்சுப் பாருன்னு. அவ படிக்கலை. பேனாவை வாங்கிப் பேரை எழுதினா, அவசர அவசரமா எழுதினா. இதோ பாருங்க. முனீஸ்வரி. இங்க கோணலாப் போயிருக்கு பாருங்க, பிள்ளை சேலையைப் பிடிச்சு இழுத்துச்சு.

நன்றிம்மான்னு சொல்லிட்டுத் திரும்பினேன். இருங்க மேடம்னா. குனிஞ்சு அந்தப் பிள்ளை கால்லேர்ந்து கொலுசைக் கழட்டறா. சின்னக் கொலுசு, வெள்ளி. பிள்ளை வீல்னு கத்துது. ஒரு கால்ல ஈஸியா வந்துடுச்சு, இன்னொண்ணு வரலை, எச்சிலைத் தொட்டுத் தடவி இழுக்கறா. வேண்டாம், வேண்டாம்மா, என்ன பண்றே நீன்னு நான் கத்தறேன். "இதையும் பெட்டியில போட்டுடுங்க மேடம். அந்த மனுவை மட்டும் தள்ளி வச்சுடாதீங்க"ன்னு சொல்லி என் கைப்பைக்குள்ள போட்டுட்டு, உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா.

தட்டினேன். முனீஸ்வரி, முனீஸ்வரின்னு கூப்பிட்டேன். இப்போ பெட்டியே இல்லைம்மா, சீல் வச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு கத்திச் சொன்னேன். திறக்கலை. உள்ள பிள்ளை அழுகை அடங்கி அடங்கி வருது, வாயைப் பொத்தறா போல. "சத்தம் போடாத, ஆபீஸ் மேடம் போகட்டும்"னு சொல்றது கேக்குது எனக்கு. இத்தனை வருஷ சர்வீஸ்ல தங்கபாண்டியைப் பார்த்து ஜனங்க அப்படி ஒளியறதைப் பார்த்திருக்கேன். என்னைப் பார்த்து... என்னைப் பார்த்து எதுக்கும்மா? நான் ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்லை.

கொலுசை வாசப்படியில வச்சுட்டு வரலாம்னு பார்த்தேன். யாராவது எடுத்துட்டுப் போயிட்டா? இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. பஸ் குலுங்கும்போதெல்லாம் சத்தம் கேக்குது, உங்களுக்குக் கேக்கலை? எனக்குக் கேக்குது.

பேப்பர்ல ஒரு குத்தமும் இல்லை. தெளிவா இருக்கு. என் சொந்த விருப்பத்தின் பேரில், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவ கையெழுத்து. தேதி. நாளைக்கு இதைக் குடுத்தா முடிஞ்சுது. அந்த டெபுடி கலெக்டர் வழக்கமா ஒரே ஒரு கேள்விதான் கேப்பாராம், தங்கபாண்டி சொன்னாரு. இந்தம்மா இதை இஷ்டப்பட்டுத்தான் எழுதிக் குடுத்தாங்களான்னு. ஆமா சார்னு சொல்லிட்டா கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடுவாராம்.

ஆமா சார். இவ்வளவுதான். பஸ் ஏறினதுலேர்ந்து மனசுக்குள்ள சொல்லிப் பார்க்கறேன். வரமாட்டேங்குது. தனியாச் சொல்லிப் பார்க்கறதால அப்படி இருக்கும். கேக்க ஒரு ஆள் இருந்தா வந்துடும்.

நீங்க கேளுங்களேன்ம்மா. விளையாட்டு இல்லை, நிஜமாத்தான் சொல்றேன். அந்த அதிகாரி மாதிரி என் முகத்தைப் பார்த்துக் கேளுங்க. இந்தம்மா இஷ்டப்பட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்களான்னு கேளுங்க. நான் சொல்லிடறேன்.

ம்.

இன்னொரு தடவை கேளுங்க.